இரண்டாவது கோல்கீப்பரின் ஜனவரி

ஜனவரி முதல் வாரத்தில் என் மகளின் கல்லூரி வளாகம் ஆளரவமின்றிக் கிடக்கிறது. வகுப்புகள் தொடங்க இன்னும் இரண்டு வாரம் இருப்பதால் விடுதியின் பெரும்பாலான சன்னல்கள் இருண்டிருக்கின்றன. காலை ஐந்தே முக்கால் மணிக்கு அங்கே விளக்கெரியும் ஒரே இடம் நீச்சல்குளம்தான். கலிஃபோர்னியாவாக இருந்தாலும் ஜனவரி விடியற்காலை குளிரத்தான் செய்கிறது. திறந்தவெளிக் குளத்தின் நீரை 26 டிகிரியை ஒட்டிய சூட்டில் வைத்திருப்பதால் அதன்மேல் ஆவி படர்ந்து நிற்க, அந்த ஆவிக்குள்ளிருந்து முதலில் விசில் ஒலியும், பிறகு பெண்களின் குரல்களும், கடைசியாகத் தொப்பியணிந்த தலைகளும் ஒவ்வொன்றாக வெளிப்படுகின்றன. அணியின் குளிர்காலப் பயிற்சியைப் பெற்றோர் வந்து பார்க்கலாம் என்று பயிற்றுநர் இரண்டு நாள் அனுமதித்திருந்தார். இரண்டு சால்வைகளைப் போர்த்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து அந்த இரண்டு நாளில் நான் கண்டதைத்தான் எழுதுகிறேன்.

என் மகள், நீரில் நீந்திக்கொண்டே ஆடும் பந்தாட்டமான வாட்டர் போலோவில், அந்தக் கல்லூரி மகளிர் அணியின் இரண்டாவது கோல்கீப்பர். இரண்டாவது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோலுக்கு வெளியே ஆடும் வீராங்கனைகள் அறுவரையும் ஆட்டத்தின் போக்கில் மாற்றிக்கொண்டேயிருப்பார்கள். ஆனால் முதல் கோல்கீப்பரை, அவள் காயப்பட்டாலோ ஆட்டம் முடிவாகிவிட்டாலோ ஒழிய, யாரும் வெளியே எடுப்பதில்லை. ஆகவே இரண்டாமவள் ஒரு சீசன் முழுவதும் சிவப்புத் தொப்பியின் நாடாவை முடிச்சிட்டுக்கொண்டு பெஞ்சில் அமர்ந்திருப்பது வழக்கம். சென்ற ஆண்டு அவள் நான்கே ஆட்டங்களில், அதுவும் கடைசி எட்டு நிமிடக் கால்பகுதியில், வெற்றியோ தோல்வியோ உறுதியான பிறகுதான் நீரில் இறங்கினாள்.

அமெரிக்கக் கல்லூரிகளில் ஆண்கள் வாட்டர் போலோ இலையுதிர் காலத்திலும், பெண்கள் வாட்டர் போலோ ஜனவரியிலிருந்து மே வரையிலும் நடக்கின்றன. ஆண்கள் ஆட்டம் 1900ஆம் ஆண்டிலேயே ஒலிம்பிக்கில் நுழைந்துவிட்டது. பெண்கள் ஆட்டம் அங்கே வந்து சேரச் சரியாக நூறாண்டு ஆகி, 2000இல் சிட்னியில்தான் முதன்முதலாக இடம்பெற்றது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. பெண்களுக்குத் தேசியப் பட்டம் வைத்தது அதற்கும் அடுத்த ஆண்டு. அன்றிலிருந்து 2025 வரை, பெருந்தொற்றால் போட்டி நின்றுபோன 2020ஐத் தவிர, எல்லாப் பட்டங்களையும் ஸ்டான்ஃபோர்ட், யு.சி.எல்.ஏ., யு.எஸ்.சி. ஆகிய மூன்றே பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டுள்ளன. எங்கள் அணி அந்த மூன்றில் ஒன்றல்ல என்பதோடு அந்தப் பேச்சை நிறுத்திக்கொள்கிறேன்.

ஜனவரிக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்பது நேர வரம்பு விதியைப் பார்த்தால் புரியும். கல்லூரி நடக்கும் நாட்களில், சீசனுக்கு வெளியே வாரத்திற்கு 8 மணி நேரமும் சீசனுக்குள் 20 மணி நேரமும்தான் ஓர் அணி பயிற்சி செய்யலாம். ஆனால் படிப்புப் பருவங்களுக்கு இடைப்பட்ட விடுமுறையில் அந்த வரம்பு பொருந்தாது. எனவே டிசம்பர் தேர்வு முடிந்து, சில நாள் வீட்டிலிருந்துவிட்டுத் திரும்பும் பெண்களுக்குக் காலையில் ஒரு பயிற்சி, மாலையில் ஒரு பயிற்சி, இடையே எடைப் பயிற்சியும் வீடியோவும் என்று நாள் முழுவதும் போய்விடுகிறது. மகள் இந்த வாரங்களில் என்னுடன் தொலைபேசியில் பேசும்போது பாதி வாக்கியத்தில் தூங்கிவிடுவாள்.

முதல் நாள் காலையில் கோல்கீப்பர்கள் மூவரையும் தனியே பிரித்துக் குளத்தின் ஆழமான மூலைக்கு அனுப்பினார்கள். குளம் எங்கும் இரண்டு மீட்டருக்குக் குறையாத ஆழம். கால் ஊன்ற வழியில்லை. எக்பீட்டர் என்று இவர்கள் சொல்லும் கால்வீச்சில்தான் எல்லாமே நிற்கிறது. நாற்காலியில் அமர்ந்தவரைப்போல் முழங்கால்களை அகட்டி வைத்துக்கொண்டு, வலக்காலும் இடக்காலும் எதிரெதிர்த் திசையில் மாறி மாறி வட்டமிட வேண்டும். தவளைபோல் இரு காலையும் ஒருசேர உதைத்தால் உடல் எழும்பி எழும்பித் தாழும். இதில் ஒரு கால் உந்தி முடிக்கும்போது மற்றது உந்தத் தொடங்கிவிடுவதால் உயரம் குறையாமல் நிற்கிறது. என் மகளின் கையில் பாதி நிரம்பிய ஒரு பெரிய தண்ணீர் கேனைக் கொடுத்து, அதைத் தலைக்குமேல் இரு கையாலும் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். முப்பது விநாடி. முதல் பத்து விநாடி அவளுடைய தோள் நீருக்கு மேலே தெரிந்தது. இருபதாவது விநாடியில் கழுத்தளவுக்கு இறங்கினாள். கடைசியில் உதடு நீரில் அமிழ்ந்து மூக்கு மட்டும் வெளியே இருக்க, கேன் மட்டும் அதே உயரத்தில் நடுங்கிக்கொண்டு நின்றது. விசில் ஊதியதும் கேனைப் பக்கத்துப் பெண்ணிடம் தள்ளிவிட்டு இருமினாள். இதை எட்டு முறை செய்தார்கள்.

மூன்று மீட்டர் அகலமும் நீர்மட்டத்திலிருந்து 90 செ.மீ. உயரமும் கொண்ட கோலை, நிற்கத் தரையில்லாத ஒருத்தி காக்க வேண்டுமென்றால் இந்தக் கால்கள் இல்லாமல் ஆகாது. பெண்கள் ஆட்டத்துப் பந்து ஆண்களுடையதைவிடச் சற்றுச் சிறியது, 65 முதல் 67 செ.மீ. சுற்றளவு, எடை 400 முதல் 450 கிராம். ஐந்து மீட்டரிலிருந்து அது முகத்துக்கு நேரே வரும்போது சிறியதாகத் தெரிவதில்லை என்று மகள் சொல்வாள்.

அன்று மாலைதான் நான் எதிர்பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். ஒரு வீராங்கனை பெருந்தவறு செய்தால் சுமார் 20 விநாடிக்கு ஆட்டத்திலிருந்து விலக்கப்படுவாள். அந்த நேரத்தில் தாக்கும் பக்கம் ஆறு பேர், தடுக்கும் பக்கம் ஐந்து பேர். நெருக்கமான ஆட்டங்கள் பெரும்பாலும் இந்த இருபது விநாடிகளில்தான் தீர்மானமாகின்றன என்பதால், ஜனவரிப் பயிற்சியின் பெரும்பகுதி இந்த ஆறுக்கு ஐந்துக்கே போகிறது. நான்கு பேர் கோலுக்கருகே, இருவர் வெளியே என்று தாக்குவோர் விரிந்து நிற்க, பந்து கைமாறிக்கொண்டே இருக்கும். தடுப்பவள் கையை உயர்த்திக் கோலின் ஒரு பக்கத்தை மறைப்பாள். மறு பக்கம் கோல்கீப்பருடையது. இந்தப் பாகப்பிரிவினை ஒரு கை அகலம் பிசகினாலும் கோல்தான். முதல் ஆறு பேரும் தாக்குதலைப் பழகியபோது எதிரில் கோலுக்குள் நின்றவள் என் மகள். முதல் கோல்கீப்பர் மறுகோடியில் தன் தடுப்பாளர்களோடு வேறு பயிற்சியில் இருந்தாள். பர்ஸிலிருந்த ரசீதின் பின்புறத்தில் நான்கு நான்காகக் கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து எண்ணிக்கொண்டே வந்தேன். ஐம்பது நிமிடத்தில் தொண்ணூற்று நான்கு பந்துகள் அவளை நோக்கி வந்தன. சென்ற சீசன் முழுவதும் ஆட்டங்களில் அவளை நோக்கி வந்தவை அதில் கால்வாசிகூட இருக்காது.

பந்துகளை மட்டும் எண்ணிய எனக்கு, அவள் ஒவ்வொரு பதினைந்து நிமிடத்திற்கும் நிற்கும் விதத்தை மாற்றிக்கொண்டிருந்தது முதலில் பிடிபடவில்லை. முதலில் கோடு தழுவிப் பின்னால் நின்றாள். பிறகு ஒரு மீட்டர் முன்னேறிக் கோணத்தைக் குறுக்கினாள். அப்போது தலைக்குமேல் வளைத்து எறியும் லாப் பந்துகள் அவளைத் தாண்டி விழுந்தன. அதன்பின் அருகிலிருந்த கம்பத்தின் பக்கம் வேண்டுமென்றே கொஞ்சம் இடம் விட்டு, அங்கே எறியத் தூண்டிவிட்டு, எறிந்ததும் பாய்ந்தாள். இரவில் கேட்டபோதுதான் விளக்கினாள். முதல் மூன்று வாரங்களில் எதிர்கொள்ளப்போகும் அணிகளின் கோல்கீப்பர்களை வீடியோவில் பார்த்து, அவரவர் பழக்கத்தைக் குறித்துக்கொண்டு, அவர்களைப்போலவே நிற்பது அவளுடைய வேலையாம். "முதலில் நின்றது முதல் மேட்சுக்காரி, அவள் வெளியே வரவே மாட்டாள், அம்மா. இரண்டாவது ஆள் ரொம்ப முன்னால் வருவாள். அவளைப்போல நிற்பது எனக்குப் பிடிக்காது, கழுத்து வலிக்கும்," என்றாள். பிறருடைய பிழைகளை வேண்டுமென்றே செய்து பழகும் ஒரு கலை இருக்கிறது என்பது எனக்குப் புதிது.

நான் எப்போதும் இவ்வளவு பொறுமையாக இருந்தவள் இல்லை. சென்ற ஏப்ரலில், ஒரு நாள் காரில் திரும்பும்போது, விளையாட விடாத அணிக்கு விடியற்காலையில் எழுந்து போவானேன் என்று கேட்டுவிட்டேன். அவள் நெடுநேரம் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். "இன்றைக்குக் கேப்டன் கடைசியில் போட்ட லாப் கோலைப் பார்த்தீங்களா? செவ்வாய்க்கிழமை அது என் தலைக்குமேல் பதினொரு தடவை போச்சு. பதினொரு தடவையில் ஏழு தடவை நான் பிடிச்சேன். பிடிக்க முடியாத உயரம் எதுன்னு அவள் அங்கேதான் கண்டுபிடிச்சாள்," என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. என்றாலும், அணியில் எல்லோரும் சமம் என்று விருந்துகளில் பயிற்றுநர்கள் சொல்லும் சொற்றொடரை நான் இன்றும் நம்புவதில்லை. ஸ்கோர் தாளில் அந்தப் பதினொரு பந்துகளுக்கு ஒரு கட்டமும் கிடையாது.

அக்டோபரில் நடந்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பயிற்சியில், வேறு பந்தை அவள் பார்த்துக்கொண்டிருந்தபோது, இன்னொரு பந்து பொட்டில் வந்து அறைந்தது. தலையில் அடிபட்டுக் கலக்கம் இருப்பதாகச் சந்தேகம் வந்தாலே அன்று மறுபடி இறங்கக்கூடாது என்பது விதி. அதன்பின் ஓய்வு, பிறகு மெல்லிய உடற்பயிற்சி, நீச்சல், பந்தில்லாத பயிற்சி என்று படிப்படியாகத்தான் திரும்ப விடுவார்கள். பன்னிரண்டு நாள் ஆயிற்று. மூன்றாவது கோல்கீப்பராக இருந்த முதலாண்டுப் பெண்ணுக்கும் அப்போது தோள்வலி. ஆகவே இரண்டாவது கோலில் நான்கு மூலையிலும் ஓட்டை வெட்டிய ஒரு தடித்த துணியைக் கட்டித் தொங்கவிட்டு அணி பழகியது. துணியின் ஓட்டைகளுக்குள் எல்லோரும் அழகாக எறிந்தார்கள். அடுத்து நடந்த நட்புமுறை ஆட்டத்தில் ஆறுக்கு ஐந்தாகக் கிடைத்த முதல் நான்கு வாய்ப்பிலும் ஒரு கோல்கூட விழவில்லை. துணி இடம் மாறாது, எதிரணிக்காரி மாறினாள். படிக்கட்டில் கம்பளிக்குள் அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகளின் முகத்தில் தெரிந்ததை வருத்தம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. சிறிய, அடக்கமான, கொஞ்சம் கெட்ட மகிழ்ச்சி அது. அவளை நான் கண்டிக்கவில்லை.

இந்த விளையாட்டின் உச்சியில் இருப்பவர்களும் இரண்டாமவராக இருந்திருக்கிறார்கள். யு.எஸ்.சி.யில் முதன்மைக் கோல்கீப்பராக இருந்த அமாண்டா லாங்கன், அமெரிக்கா தங்கம் வென்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆஷ்லி ஜான்சனுக்கு மாற்றாகத்தான் சென்றார். பிரின்ஸ்டனில் படித்த ஜான்சன் இருக்கும்வரை எந்தக் கோல்கீப்பரும் இரண்டாமவள்தான் என்பது வேறு விஷயம். மகளின் அறைச் சுவரில் ஜான்சனின் படம் இருக்கிறது. லாங்கனின் படம் அலமாரிக் கதவின் உட்புறத்தில் இருக்கிறது.

இரண்டாம் நாள், அணி தனக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து வெள்ளைத் தொப்பியும் நீலத் தொப்பியுமாக ஓர் ஒத்திகை ஆட்டம் ஆடுவதாக இருந்தது. உண்மையான நடுவர்கள் வருவார்கள் என்பதால் முதல்நாள் இரவே நகம் வெட்டியாக வேண்டும். நீருக்கடியில் நகம் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு இந்தப் பெண்களின் தோளும் முதுகும் சாட்சி. என் மகளின் வலக்கைக் கட்டைவிரலும் சுண்டுவிரலும் பந்து மடக்கி மடக்கி வீங்கியிருந்ததால் அவளால் நகவெட்டியை அழுத்த முடியவில்லை. நான் வாங்கி வெட்டினேன். குளோரினில் ஊறிய நகம் அட்டைபோல் மெத்தென்று வளைந்து, வெட்டாமல் மடங்கியது. ஒவ்வொன்றையும் இரண்டு முறை வெட்டி, அரத்தால் தேய்த்து, என் புறங்கையில் இழுத்துப் பார்த்துக் கீறல் விழாதபடி செய்தேன். அவள் ஐந்து வயதில் நீட்டியதுபோலவே முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டியிருந்தாள். மறுநாள் நடுவர் வரிசையாக நின்ற பெண்களின் விரல்நுனிகளைத் தடவிக்கொண்டு வந்து, அவளிடம் நிற்காமல் கடந்துபோனபோது, ஆட்டத்தில் வேறெதுவும் நடக்காவிட்டாலும் பரவாயில்லை என்று எனக்கு இருந்தது.

ஆட்டத்தில் அவள் ஒன்பது கோல் விட்டாள், மறுபக்கத்தவள் ஏழு விட்டாள். முதல் கோல்கீப்பர் யார் என்பதில் எந்த மாற்றமும் இல்லை. வெளியூர்ப் போட்டிக்குச் செல்வோர் பட்டியலில் கோல்கீப்பருக்கு இரண்டு இடம், அதில் அவளுக்கு ஒன்று. முதலாண்டுப் பெண் தங்கிவிடுகிறாள். அவளுடைய தாய் எனக்கு இரண்டு வரிசை கீழே அமர்ந்திருந்தார். என்ன சொல்வதென்று தெரியாமல், குளிர் அதிகம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

புறப்படும் முன் மகளின் அறைக்குப் போனேன். மேசையில் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டிய ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. அதன்மேல் அவள் பெயர் ஒன்றாம் வகுப்புக் குழந்தை எழுதியதுபோல் கோணலாக, கடைசி எழுத்து சரிந்து கீழே விழும்படி எழுதப்பட்டிருந்தது. கை அவ்வளவு வலிக்கிறதா என்று பதறிக் கேட்டேன். முதல் போட்டியின் இரண்டாம் நாள் வரப்போகும் அணியின் கோல்கீப்பர் இடதுகைக்காரியாம். பந்தைப் பிடித்ததும் எதிர்த்தாக்குதலுக்கு அவள் எறியும் நீண்ட பாஸ் இவர்கள் பழகிய திசைக்கு மாறாக வருமாம். "இந்த வாரம் முழுக்க நான் இடதுகை, அம்மா. பல்லும் இடது கையால்தான் தேய்க்கிறேன்," என்று சொல்லிவிட்டு, என் பையை இடது கையால் தூக்கித் தோளில் மாட்டப் பார்த்து, கதவு நிலையில் இடித்துக்கொண்டாள்.