கச்சான் காத்தும் என்ர பூச்சாடிகளும்

ஜூலை 3
கச்சான், அதான் தென்மேற்கால வாற வறண்ட சூட்டுக் காத்து, வீசத் தொடங்கினா திருகோணமலை உவர்மலையில மத்தியானம் முத்தத்துல நிக்கேலாது. மல்லிகை இலையெல்லாம் தொங்கிப் போய் நிக்குது. பக்கத்து வீட்டு மாமி மதிலால எட்டிப் பாத்து "ஏன் பிள்ளை, தண்ணி ஊத்தேல்லையோ?" எண்டு கேட்டவ. ஊத்தேல்லைதான். விரலை மண்ணுக்குள்ள விட்டுப் பாத்தன், உள்ள நல்ல ஈரம். இந்த வெயிலுக்கு இலையால போற தண்ணிக்கு வேர் ஈடு குடுக்கேலாமத்தான் அது வாடுறது, பொழுதுபட நிமிர்ந்திட்டுது. மண் ஈரமா இருந்தும் விடியக்காலமையும் வாடி நிண்டாத்தான் பயப்படோணும், அது வேர் அழுகுற குறி.

ஜூலை 5
மாமி ஒவ்வொரு நாளும் சாடிக்கு அரைக் கப் தெளிக்கிறவ. மேல் மண் கறுப்பா, பாக்க வடிவா இருக்கும், கீழ புழுதி. ஈரம் உள்ள இடத்துலதான் வேர் ஓடும், அப்ப மேலயே ஓடிக் கிடக்கும், பிறகு கலியாண வீடு எண்டு ரெண்டு நாள் மட்டக்களப்புக்குப் போட்டு வந்தா எல்லாம் விழுந்து கிடக்கும். நான் ஊத்தினா அடி ஓட்டையால வழியுமட்டும் ஊத்துவன், பிறகு மேல ஒரு அங்குலம் காயுமட்டும் கிட்டப் போகமாட்டன். தண்ணி கீழ வடியேக்க மேலால காத்தை உள்ள இழுக்கும், வேருக்கு அந்தக் காத்தும் வேணும், எப்பவும் சேறா இருந்தா மூச்சு முட்டிச் செத்திடும்.

கிழமைக்கு எத்தினை தரம் எண்டு கேக்காதீங்க. மண்சாடி சுவராலயும் ஈரத்தை விடும், பிளாஸ்டிக் விடாது, ரெண்டுக்கும் ஒரே கணக்கு வராது. சாடியைத் தூக்கிப் பாருங்க, பாரமா இருந்தா விட்டிட்டுப் போங்க.

ஜூலை 14
தேங்காய்த் தும்புத்தூள் கூடப் போட்ட சாடி ஒண்டு காஞ்சு இறுகிப் போச்சு, ஊத்துற தண்ணியெல்லாம் ஓரத்தால ஓடி உடன கீழ வருது. இப்பிடி வழிஞ்சதைப் பாத்திட்டு நனைஞ்சிட்டுது எண்டு நினைக்கக் கூடாது. பேசினில தண்ணி விட்டு சாடியை அதுக்குள்ள அரை மணித்தியாலம் வச்சன், கீழால உறிஞ்சி மேல் மண் நனைஞ்சாப் பிறகுதான் எடுத்தன்.

ஜூலை 22
செவ்வரத்தை இலை நுனி கருகுது, மண்ணுக்கு மேல வெள்ளையாப் படிஞ்சிருக்கு. கிணத்துத் தண்ணி இந்த மாசத்துல உவர்க்கும், தண்ணி ஆவியாப் போக உப்பு மண்ணிலயே தங்கும், உப்புக் கூடினா ஈரம் இருந்தும் வேரால உறிஞ்சேலாது. பைப் தண்ணியில, சாடி கொள்ளுறதை விட ரெண்டு மடங்கு மெல்ல மெல்ல ஊத்திக் கழுவி விட்டன். கருகினது பச்சையாகாது, புதுத் தளிரைத்தான் பாக்கோணும்.

ஓகஸ்ட் 2
சாடிக்கு அடியில சல்லிக்கல்லு போட்டா தண்ணி கெதியா வடியும் எண்டு எல்லாரும் சொல்லுவினம், நடக்கிறது மற்றப்பக்கம். நைஸான மண்ணில இருக்கிற தண்ணி கல்லுக்குள்ள லேசில இறங்காது, அதுக்கு மேலயே தேங்கி நிக்கும். ஓட்டை அடையாம ஒரு ஓட்டுத் துண்டு போதும்.

சாடிக்குக் கீழ வைக்கிற தட்டிலயும் தண்ணி நிக்க விடக்கூடாது. ஐப்பசியில மழை தொடங்க முதல் எல்லாத் தட்டையும் எடுத்துப்போட்டு சாடிகளை செங்கல்லுக்கு மேல ஏத்தோணும், இல்லாட்டி வேரும் அழுகும், டெங்கு நுளம்பும் பெருகும், பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து நிண்டா ஆர் பேச்சு வாங்கிறது.