உப்புக்கு என்ன செய்தாள்?

எழுதி முடிக்கிற அத்தியாயத்தை முதலில் கேட்பவர் என் அத்தை, அதாவது மாமியார். கண்புரை அறுவை முடிந்து கண் நன்றாகத்தான் தெரிகிறது. ஆனாலும் நான் படித்துக் காட்ட வேண்டும், அவர் கீரை ஆய்ந்துகொண்டு கேட்க வேண்டும். சும்மா உட்கார்ந்து கதை கேட்பது அவருக்குக் கூச்சம்.

இப்போது எழுதுவது தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிய நாவல். 1876இல் மழை பொய்த்து, 1878 வரை சென்னை மாகாணத்தைப் போட்டு உலுக்கியது. விளாத்திகுளம் பக்கம் ஒரு கரிசல் கிராமம். புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி இரண்டு பிள்ளைகளோடு ரோட்டுக்குக் கல் உடைக்கப் போகிறாள். 1877 தொடக்கத்தில், பஞ்ச நிலவரத்தைப் பார்க்க பிரிட்டிஷ் இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் வந்து, இப்படிப்பட்ட நிவாரண வேலைக்கான கூலியைக் குறைத்தார். ஆண் ஆளுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், ஒரு அணா காசு. பெண்ணுக்கு அதிலும் குறைவு.

இந்த இடம் வந்ததும் அத்தை கீரையைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏட்டி, ஒரு பவுண்டுன்னா எவ்வளவு?”

சமையலறைத் தராசில் 450 கிராம் அரிசி நிறுத்துக் காட்டினேன். தன்னுடைய பித்தளை உழக்கில் அளந்து பார்த்தார். இரண்டாவது உழக்கு நிறையவில்லை.

“இதவிடக் கம்மியா அவளுக்கு? கல்லு உடைக்கவளுக்கு?” கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சரி, உப்புக்கு என்ன செஞ்சா?”

அன்றைக்கு உப்பு சர்க்காரின் ஏகபோகம். கடற்கரையில் தானாக விளைந்து கிடந்தாலும் அள்ளினால் குற்றம். கூலியில் வரும் அந்தக் காசுக்குள்தான் உப்பு, மிளகாய், விறகு எல்லாமே. அத்தையின் கேள்வி பல ராத்திரிகளைத் தின்றது, ஆனால் ஒரு முழு அத்தியாயம் கொடுத்தது: அவள் இருட்டோடு வேம்பாறு கடற்கரைக்கு நடந்துபோய், உப்பை முந்தானையில் முடிந்துகொண்டு திரும்புகிறாள். பதிப்பாளர் இப்படியெல்லாம் கேட்க மாட்டார். “எத்தனை பக்கம் வரும் மேடம்?” என்பதுதான் அவர் கேள்வி.

பையன் பத்தாம் வகுப்பு. கதை, கவிதை ஒன்றும் ஏறாது, ரயில்தான் உயிர். ஞாயிறு விடிந்தால் அவனுக்கு மணியாச்சி போயாக வேண்டும். 1911இல் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட ஸ்டேஷன் இது என்று நான் ஆரம்பிப்பேன். அவன் இஞ்சின் நம்பரைக் குறித்துக்கொண்டிருப்பான். டீசல் போய் மின்சாரம் வந்ததில் அவனுக்குத் தீராத வருத்தம். “சத்தமே இல்லம்மா, வந்தாலும் தெரியல போனாலும் தெரியல” என்பான். ஒருநாள் அங்கே வடையைத் தின்றுகொண்டே, தூத்துக்குடிக்கு ரயில் வந்ததும் 1876தான் என்றான். எனக்கு வடை இறங்கவில்லை. பஞ்ச வருஷத்தை நான் இத்தனை நாள் படித்துக்கொண்டிருக்கிறேன், தண்டவாளம் கண்ணில் படவே இல்லை! கல் உடைக்கிறவள் தலைநிமிர்ந்து பார்க்க, தானிய மூட்டைகளோடு வண்டி கடந்துபோகும் பத்தி அந்த நடைமேடையில் கிடைத்தது. நன்றியுரையில் பெயர் போடட்டுமா என்றால், வேண்டாம், நாகர்கோவில் வரை கூட்டிப் போ என்கிறான்.

எழுதுவது விடிகாலை நாலரையிலிருந்து ஆறு வரை. பால்காரர் மணி அடித்தால் முடிந்தது. கூட்டுறவு வங்கியில் வேலை என்பதால் மார்ச் மாதம் வருஷக் கணக்கு முடிகிறவரை ஒரு வரி ஓடாது. வீட்டுக்காரர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். வீணாய்ப்போன தாள்களின் பின்பக்கத்தில்தான் என் வரைவுகள் எல்லாம். எனவே பஞ்சத்துக்குப் பின்னால் யாருடைய ஆதார் நகலும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. போன நாவல் 300 பிரதி அச்சானது. வந்த ராயல்டியோடு கொஞ்சம் போட்டு மிக்ஸி வாங்கினோம். அத்தை இன்றுவரை அதைக் ‘கதை மிக்ஸி’ என்றுதான் சொல்கிறார்.

நெல்லை புத்தகத் திருவிழாவில் ஒருவர், “வீட்ல எப்படி மேடம் விடுறாங்க?” என்று கேட்டார். பக்கத்தில் இருந்த ஆண் எழுத்தாளரிடம் அந்தக் கேள்வி போகவில்லை. அவரிடம் அடுத்த நாவல் எப்போது என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கு எரிச்சல்தான். விடுவது என்ன, என் வீட்டில் கதைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள்.

இப்போது கதை ஒரு முட்டுச்சந்தில் நிற்கிறது. அந்த வருஷங்களில் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். இவளையும் அனுப்பலாம். மன்னார் வழியாக நடையா, தூத்துக்குடியில் கப்பலா என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அத்தை அனுப்பவே கூடாது என்கிறார்.

“ரெண்டு புள்ளைகள வச்சிக்கிட்டு எங்க போவா? பேசாம ஊர்ல மழையப் பெய்ய வையி.”

1877 கடைசியில் மழை பெய்யத்தான் செய்தது. கூடவே காய்ச்சலும் வந்து, பஞ்சத்துக்குத் தப்பிய உடம்புகளை அள்ளிக்கொண்டு போனது. அதை இன்னும் நான் அத்தையிடம் சொல்லவில்லை.