எந்திக்க விடாத நாற்காலி

போன சித்திரையில் சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு முதியோர் இல்லத்திலிருந்து 12 நாற்காலிக்கு ஆர்டர் வந்தது. பிளாஸ்டிக் சேரெல்லாம் ஈரத் தரையில் கால் விரிந்துவிடுகிறதாம். கல்லிடைக்குறிச்சியில் எனக்குச் சின்னப் பட்டறை. நிலை, கதவு, கட்டில் என்று செய்தே பழகிய கை. வயசானவங்களுக்குத்தானே, சொகுசாக இருக்கட்டும் என்று நினைத்து வேப்பமரத்தில் சட்டம் போட்டேன். இருக்கைக்கு முன் விளிம்பிலிருந்து முதுகுப் பலகை வரை 22 அங்குல ஆழம், 4 அங்குல ஸ்பாஞ்சு, நன்றாகச் சாய்ந்த முதுகு, பொத்தான் வைத்துத் தைத்த ரெக்சின். மாதிரிக்கு ஒன்றைக் கொண்டுபோய் வராந்தாவில் வைத்தேன்.

முதலில் உட்கார்ந்தது ஒரு பத்தமடை ஆச்சி. பாய் நெய்தே காலத்தை ஓட்டியவர். "மெத்துன்னு இருக்குய்யா" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கால் மணி நேரம் கழித்து எழுந்திருக்கப் பார்த்தார். ஒருமுறை முன்னால் வந்தார், ஸ்பாஞ்சு உள்ளே இழுத்தது. இன்னொருமுறை எம்பினார், முடியவில்லை.

"ஏய்யா ஆசாரி, இது நாக்காலியா கெணறா? எறங்கிட்டேன், ஏற முடியலயே."

இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்க வேண்டியதாயிற்று. வெட்கமாகப் போய்விட்டது.

அப்புறம் இரண்டு நாள் அங்கேயே கிடந்து, அவர்கள் எழுந்திருப்பதை மட்டும் பார்த்தேன். முதலில் விளிம்புக்கு நகர்கிறார்கள். பாதத்தை முழங்காலுக்குப் பின்னால் இழுக்கிறார்கள். தலையை முன்னால் குனிகிறார்கள். கையை ஊன்றி ஒரு தள்ளு. இதில் ஒன்று தவறினாலும் மறுபடி பொத்தென்று உட்கார வேண்டியதுதான். என் நாற்காலி எல்லாவற்றுக்கும் தடை போட்டிருந்தது. ஆழம் அதிகம் என்பதால் விளிம்பே தூரம். ஆள் உட்கார்ந்ததும் ஸ்பாஞ்சு அமுங்கி முழங்கால் இடுப்புக்கு மேலே போய்விடும். முன்கால் இரண்டையும் சேர்த்துக் கீழே ஒரு குறுக்குச் சட்டம் வேறு அடித்திருந்தேன், பலத்துக்கு என்று. பாதத்தைப் பின்னால் இழுத்தால் குதிகால் நேரே அதில்தான் முட்டும்.

எங்கள் தெருத் திண்ணையில் உட்காரும் தாத்தாக்கள் யாரையும் கேட்காமல் எழுந்து போவது எப்படி என்று அன்றைக்குத்தான் விளங்கியது. திண்ணை உயரம், அமுங்காது, பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் தூண் இருக்கிறது.

சரி என்று டேப்பை எடுத்து ஒவ்வொருவருக்கும் முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை அளந்தேன். பத்தமடை ஆச்சிக்கு பதினாலரை அங்குலம்தான். ரயில்வேயில் வேலை பார்த்த ஒரு தாத்தாவுக்குப் பதினேழு. எழுந்திருக்க உயரம் கூட வேண்டும், ஆனால் கூட்டினால் ஆச்சிக்குக் கால் தொங்கும், தொடை மரத்துப்போகும். காலுக்குக் கீழே பலகை வைக்கலாமா என்றேன். அங்கே வேலை பார்க்கும் அக்கா, "ராத்திரி தடுக்கி விழுந்தா யாரு அண்ணாச்சி பதில் சொல்லுதது?" என்று கேட்டார். நியாயம்தான். கடைசியில் 16, 17, 18 அங்குலம் என்று மூன்று உயரத்தில் செய்தேன். எல்லாம் ஒரே வரிசையாக இருந்தால்தான் பார்க்க அழகு என்று இல்லத்தை நடத்துகிறவருக்கு மனத்தாங்கல். அவருக்கென்ன, 18 அங்குலம் தாராளமாகப் பொருந்தும்.

ஆழத்தை 17க்குக் குறைத்தேன். முதுகு பலகையில் ஒட்ட உட்கார்ந்தாலும் முழங்காலுக்குப் பின்னால் இரண்டு விரல் போக வேண்டும், அதுதான் கணக்கு. முன் சட்டத்தை எடுத்துவிட்டுப் பக்கத்துச் சட்டங்களைத் தடிப்பாக்கினேன். அதிக நேரம் பிடித்தது நாற்காலியின் கைதான். இருக்கைக்கு மேலே 8 அங்குலம், இருக்கையின் முன் விளிம்பு வரை நீட்டி, நுனியை உருண்டையாக இழைத்து, உப்புத்தாள் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு பிடித்துப் பார்த்தேன். விரல் வளைந்த ஆச்சிகளுக்குச் சதுர விளிம்பு குத்தும்.

ரெக்சினைப் பற்றியும் அந்த அக்காதான் சொன்னார். பொத்தான் குழியில் பிஸ்கட் தூள், தையலில் மூத்திரம், பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷை வைத்துத் தோண்ட வேண்டியிருக்குமாம். பொத்தானை விட்டுவிட்டேன். கெட்டி ஸ்பாஞ்சு, தையல் இல்லாத மேல்பக்கம். நம்ம ஊர் வெயிலுக்கு ரெக்சின் முதுகில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் மேலே கழற்றித் துவைக்கிற பருத்தி உறை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு. இதற்கு நான் காசு வாங்கவில்லை, கிணற்றுக்கு அபராதம்.

ஆடியில் கொண்டுபோய் இறக்கினேன். பத்தமடை ஆச்சி 16 அங்குல நாற்காலியில் உட்கார்ந்தார், கையை ஊன்றினார், எழுந்தார். மறுபடி உட்கார்ந்து மறுபடி எழுந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் போனபோது ரயில்வே தாத்தாவின் 18 அங்குல நாற்காலியில் கால் தொங்க உட்கார்ந்திருந்தார். ஏன் ஆச்சி என்றேன்.

"இங்கன இருந்தாத்தானய்யா அம்பை பஸ் போறது தெரியுது."

அவருடைய நாற்காலியைத் தூக்கி வாசல் பக்கம் போட்டுவிட்டு வந்தேன்.