அப்பாவோட டியூபும் சுறாத்தோலும்

அப்பாவுக்கு யூரின் டியூப் போட்டு நாலு வாரம் ஆச்சு, நேத்து மாத்துனாங்க. பழச நர்ஸக்கா காட்டுனாங்க, உள்பக்கம் பூரா வழவழன்னு ஒரு படலம், அப்படியே குளத்துப் படிக்கட்டுப் பாசி. பயோஃபிலிமாம். ஒரு பாக்டீரியா வந்து ஒட்டும், கூட்டம் சேரும், சுத்தி பசை மாதிரி விட்டு வீடு கட்டிக்கும், அப்புறம் ஆன்டிபயாடிக் குடுத்தாலும் லேசுல அசையாது, அதனாலதான் மூட்டு மாத்துன சில பேருக்கு கிருமி புடிச்சா அந்த மூட்டையே கழட்ட வேண்டி வருது.

ராத்திரி தூக்கம் வராம இதத்தான் தேடித்தேடி படிச்சிட்டிருந்தேன். கிருமி புடிக்காம இருக்க வெள்ளி பூசின டியூப் இருக்கு, ஆனா பிரிட்டன்ல 7000 பேருக்கு மேல வச்சு பாத்து 2012ல வந்த ரிசல்ட்ல சொல்லிக்கிற மாதிரி பலன் இல்ல. எனக்குப் புடிச்சது வேற ஒண்ணு. கப்பலோட அடியில பாசி ஒட்டாம இருக்க அமெரிக்க கடற்படைக்காக ஃபுளோரிடா யுனிவர்சிட்டில ஆன்டனி பிரென்னன்னு ஒரு பேராசிரியர் வழி தேடியிருக்காரு. திமிங்கலம் மேல கண்டதும் ஒட்டுது, சுறா மட்டும் சுத்தமா இருக்கு! ஏன்னா அதோட தோல்ல குட்டிக்குட்டி பல்லு மாதிரி செதில், வரிவரியா. அத பாத்து அதே மாதிரி டிசைன பிளாஸ்டிக்ல பதிச்சாரு, வரி ஒண்ணு 2 மைக்ரான் அகலம், 3 மைக்ரான் உயரம் (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு). மருந்தே கிடையாது, வெறும் மேடுபள்ளம், அதுக்கே லேப்ல பாக்டீரியா ஒட்டறது நல்லா குறைஞ்சிருக்கு. டியூபுக்கும் அத கொண்டுவர பாத்தாங்க.

காலைல அப்பாட்ட சொன்னேன். "சுறான்னா எனக்கு புட்டுதான்டா தெரியும்"ங்கறாரு.