எண்டோக்ரைன் படிக்கும் நர்ஸிங் பிள்ளைகளுக்கு

அடல்ட் ஹெல்த் நர்ஸிங்கில் ஹார்மோன் சுரப்பிகளைப் பற்றிய எண்டோக்ரைன் யூனிட் வந்ததும் பெரும்பாலானவர்கள் செய்வது ஒரே வேலைதான். சுரப்பி, ஹார்மோன், கூடினால் என்ன நோய், குறைந்தால் என்ன நோய் என்று நான்கு கட்டம் போட்டு எழுதி, பரீட்சைக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து உருப்போடுவது. ஐந்து மார்க் கேள்விக்கு அது போதும். ஆனால் வார்டில் படுத்திருப்பவர் "எனக்கு கார்டிசால் குறைவு" என்று அந்த அட்ரீனல் ஹார்மோனின் பேரைச் சொல்லிக்கொண்டு வரமாட்டார். "ஒரே அசதி, சாப்பாடே பிடிக்கல, எந்திரிச்சா தலை சுத்துது" என்பார். அதிலிருந்து சுரப்பிக்குப் போகத் தெரியவேண்டும்.

அதற்கு ஒரே வழி, யார் உத்தரவு போடுகிறார், யார் வேலை செய்கிறார் என்பதை முதலில் புரிந்துகொள்வது. மூளையில் இருக்கும் ஹைப்போதலாமஸ் அதன் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்கிறது, பிட்யூட்டரி டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை அனுப்பி தைராய்டுக்குச் சொல்கிறது, தைராய்டு டி3, டி4 ஹார்மோன்களைச் சுரக்கிறது, அது ரத்தத்தில் போதுமான அளவு வந்ததும் மேலே இருக்கும் இரண்டும் தங்கள் உத்தரவைக் குறைத்துக்கொள்கின்றன. இதைப் பிடித்துக்கொண்டால் ரிப்போர்ட்டை மனப்பாடம் இல்லாமலே படிக்கலாம். டி4 குறைவு, டி.எஸ்.எச். அதிகம் என்றால் தைராய்டு வேலை செய்யவில்லை, பிட்யூட்டரி விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. டி4 குறைந்திருந்தும் டி.எஸ்.எச். ஏறவே இல்லையா? அப்போது கோளாறு மேலே, பெரும்பாலும் பிட்யூட்டரியில்.

இந்த இரண்டாவது வகைக்கு நம் ஊர் நர்ஸ்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய உதாரணம் ஷீஹான் சிண்ட்ரோம். கர்ப்ப காலத்தில் பிட்யூட்டரி பெரிதாகிவிடும், ஆனால் அதற்குப் போகும் ரத்த ஓட்டம் அந்த அளவுக்குக் கூடாது. பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமாகி பிபி விழுந்தால் அந்தச் சுரப்பியின் திசு செத்துப்போகலாம். ஷீஹான் என்ற நோய்க்கூறு மருத்துவர் 1937-ல் இதை விவரித்தார். வளர்ந்த நாடுகளில் இன்று அபூர்வம், இந்தியாவில் இன்னும் பார்க்கிறோம். முதல் அறிகுறி பல நேரம் தாய்ப்பால் சுரக்காமல் போவது. அப்புறம் மாதவிலக்கு திரும்புவதில்லை, அக்குள் முடி உதிர்கிறது, ஆண்டுக்கணக்கில் அசதி. வீட்டில் அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லியே காலம் ஓடிவிடும். ஒரு நாள் சாதாரணக் காய்ச்சல், வாந்தி என்று வந்து, சோடியமும் சுகரும் இறங்கி, நினைவு தப்பிய நிலையில் வார்டில் சேர்ப்பார்கள்.

இங்கே டெஸ்டுக்கு முன்னால் வேலை செய்வது நர்ஸ் கேட்கும் கேள்வி. "கடைசிப் பிரசவத்துல ரத்தம் நிறைய போச்சாம்மா? ரத்தம் ஏத்தினாங்களா? பிள்ளைக்குப் பால் குடுத்தீங்களா? அதுக்கப்புறம் தூரம் வந்துச்சா?" ஹிஸ்டரி எடுக்கும்போது இந்த நாலையும் கேட்டு எழுதி டாக்டரிடம் சொன்னால், எங்கே தேடவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். இன்னொன்றும் இதில் இருக்கிறது. இவர்களுக்கு கார்டிசாலும் குறைந்திருக்கலாம், தைராக்ஸினும் (அதுதான் டி4) குறைந்திருக்கலாம். ஸ்டீராய்டு கொடுக்காமல் தைராய்டு மாத்திரையை மட்டும் ஆரம்பித்தால், உடலின் வேகம் கூடி, இருக்கிற கொஞ்ச கார்டிசாலும் செலவாகி, பிபி சரிந்து உயிருக்கே ஆபத்தாகும் அட்ரீனல் கிரைசிஸில் கொண்டுபோய் விடும். அதனால்தான் ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு முதலில், தைராக்ஸின் பிறகு. ஆர்டர் ஷீட்டில் அந்த வரிசை ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்த நர்ஸ், "அது அப்புறம் போட்டுக்கலாம்" என்று ஊசியைத் தள்ளி வைக்கமாட்டார்.

அதே உத்தரவுச் சங்கிலியை வைத்து அடிசன் நோயைப் பாருங்கள். இங்கே பிட்யூட்டரி நன்றாக இருக்கிறது, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல்தான் கெட்டுவிட்டது. நம் நாட்டில் காசநோயும் அதற்கு ஒரு காரணம். கார்டிசால் வராததால், அட்ரீனலுக்குப் பிட்யூட்டரி அனுப்பும் உத்தரவான ஏ.சி.டி.எச். ஏறிக்கொண்டே போகிறது, அதோடு சேர்ந்து தோல் கறுக்கிறது. நம் நிறத்துக்கு முகத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. உள்ளங்கை ரேகை, ஈறு, கன்னத்தின் உள்பக்கம், பழைய தழும்பு, இங்கெல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஷீஹானில் ஏ.சி.டி.எச்.சே இல்லை, அதனால் இந்தக் கறுப்பு வராது.

கார்டிசால் குறைவதில் மூன்றாவது வகைதான் தினசரி கண்ணில் படுவது. மூட்டுவலிக்கோ மூச்சுத்திணறலுக்கோ கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையை மாதக்கணக்கில் போட்டிருப்பார்கள். அதில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருந்திருந்தால், வெளியிலிருந்து வருகிறதே என்று அட்ரீனல் தூங்கிப்போயிருக்கும். ஆபரேஷனுக்கு அட்மிட் ஆனதும் அந்த மாத்திரை சட்டென்று நின்றுவிடும், காரணம் தெரியாமல் பிபி இறங்கும். "வேற மருந்து எடுக்கறீங்களா" என்று கேட்டால் இல்லை என்பார்கள். பையில் இருக்கும் மாத்திரைப் பொட்டலத்தை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

தைராய்டு ஆபரேஷன் முடிந்து வந்தவருக்கு முதல் கவலை மூச்சு. கழுத்துக்குள் ரத்தம் கட்டினால் மூச்சுக்குழாய் நசுங்கும், ரத்தம் பின்பக்கமாக வடியும் என்பதால் முன்னால் டிரெஸ்ஸிங் காய்ந்திருந்தாலும் கழுத்துக்குப் பின்னால் கையை விட்டுப் பார்க்கவேண்டும். அடுத்த கவலை பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் வருவது, கால்சியம் குறைவது. தைராய்டை ஒட்டியிருந்து கால்சியத்தைக் கவனிக்கும் பாராதைராய்டு அடிபட்டிருந்தால் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு ஆரம்பிக்கும். அவர்கள் "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு சிஸ்டர்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். அந்த வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பிபி கஃப்பை சிஸ்டாலிக்குக் கொஞ்சம் மேலே ஏற்றி 3 நிமிடம் வைத்தால் மணிக்கட்டு மடங்கி, கட்டைவிரல் உள்ளே போய், மற்ற விரல்கள் நீட்டி ஒன்றோடொன்று சேரும். அதுதான் கால்சியம் குறைவைக் காட்டும் ட்ரூசோ அடையாளம். உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள், கால்சியம் குளுகோனேட் தயாராக இருக்கட்டும், அதை மெதுவாகத்தான் ஏற்றவேண்டும், இதயத்துடிப்பைப் பார்த்துக்கொண்டே.

சுகரைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன். இந்தியாவில் இன்சுலின் வயல் பெரும்பாலும் 1 மில்லிக்கு 40 யூனிட், அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. 100 யூனிட் வயலும் கடையில் உண்டு, அதன் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் வயலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே இருப்பது அரை மில்லி, அதாவது 50 யூனிட். இரண்டரை மடங்கு. டோஸ் சரியாக எழுதியிருந்தும், கை சரியான கோட்டில் நிறுத்தியிருந்தும், நோயாளி வியர்த்துக் கொட்டி மயங்கிப்போவார். ஆகவே வயல் லேபிளில் எண்ணைப் படித்து, மூடி நிறத்தைப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரையும் ஒருமுறை பார்க்கச் சொல்லி, அப்புறம் போடுங்கள். டிஸ்சார்ஜ் அன்று வீட்டுக்காரர்களையே அவர்களுடைய வயலையும் சிரிஞ்சையும் கையில் எடுக்கச் சொல்லி, உங்கள் கண் முன்னால் ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள்.