சர்வே எண் இல்லாத குப்பை

பண்ருட்டிப் பக்கம் எங்கள் ஊர். செங்கல் சூளைக்குப் பின்னால் கொட்டிக்கிடந்த குப்பையில் மாடு வாய் வைத்ததால்தான் போய்ப் பார்த்தேன். பவுண்டில் விலை ஒட்டிய சீஸ் உறை, பூனைத் தீவனப் பொட்டலம், இங்கிலாந்து முகவரியோடு நைந்த தபால் உறை. எங்கள் தெருப் பூனைகள் மீன்தலையைத் தாண்டி எதுவும் கண்டதில்லை.

சூளையில் வேலை பார்க்கும் பையன் விவரம் சொன்னான். காகித ஆலைகள் இறக்கும் வெளிநாட்டுப் பழைய பேப்பர் கட்டுகளுக்குள் பிளாஸ்டிக்கும் கலந்து வருமாம். ஆலை கழித்துத் தள்ளுவது இங்கே எரிபொருள். பிளாஸ்டிக் கழிவு இறக்குமதிக்கு 2019 மார்ச்சில் தடை போட்டார்கள். பழைய பேப்பருக்கு இல்லை. ஓட்டை அங்கேதான்.

மனு எழுதிக்கொண்டு கடலூர் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு பஸ் ஏறினேன். சட்டவிரோதமாக வந்த கழிவை 90 நாளுக்குள் இறக்குமதியாளரே தன் செலவில் திருப்பி அனுப்பவேண்டும் என்ற 2016ஆம் ஆண்டு விதியையும் சேர்த்திருந்தேன். எழுத்தர் சிரித்தார். "எந்தக் கப்பல்ல வந்துச்சு சார்? ஃபாரின் குப்பைன்னா கஸ்டம்ஸ், உள்ளூர்க் குப்பைன்னா பஞ்சாயத்து. சர்வே நம்பர் எங்க?" எண் இல்லை. அன்றைய பயணம் வீண்.

வி.ஏ.ஓ.விடம் எண் வாங்கிக்கொண்டு மறுபடி போனேன். எழுத்தர் மனுவை வாங்கினார், நகலில் முத்திரை போட மாட்டேன் என்றார். அங்கேயே மல்லுக்கட்டாதீர்கள். நான் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். இதற்கிடையில் மழையில் தபால் உறையின் மை கரைந்துவிட்டது. முதல் நாள் போனில் எடுத்த படம்தான் காப்பாற்றியது.

ஒரு மாதம் சத்தமே இல்லை. அப்புறம் 10 ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்ப் ஒட்டி, என்ன நடவடிக்கை, எந்த ஆலையின் கழிவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். 'எங்களுக்குத் தொடர்பில்லை' என்று விண்ணப்பத்தையே திருப்பி அனுப்பினார்கள். அப்படி அனுப்பக் கூடாது. தகவல் உரிமைச் சட்டம் 6(3)இன்படி, யாரிடம் தகவல் இருக்கிறதோ அவர்களுக்கு 5 நாளுக்குள் மாற்றிவிட வேண்டியது அவர்கள் பொறுப்பு. மேல்முறையீட்டில் இந்த ஒரு வரியை மட்டும் எழுதினேன்.

பத்தாம் நாள் போன். "சார், நேர்ல வர்றோம்." வந்த அதிகாரி குச்சியால் கிளறி, இன்னொரு உறையை எடுத்து முகவரியைச் சத்தமாகப் படித்தார். இரண்டு டிராக்டரில் அள்ளிப் போனார்கள்.

எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள் என்று கேட்டு அடுத்த மனு தயார். ஸ்டாம்ப் ஒட்டியாயிற்று.