கொதித்து நின்ற 407: எஞ்சினை மாற்றாமல் ஹெட்டைச் சரிசெய்த அனுபவம்

கொல்லிமலை ஏற்றத்தில் கொதித்து நின்ற என் பழைய டாட்டா 407 லாரியைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர், செகண்ட் ஹேண்ட் எஞ்சின் ஒன்றை வாங்கி மாற்றிவிடுவதே மேல் என்றார்கள். ஆனால் எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி பெற்றுப் பதிவுச் சான்றில் எண்ணையும் மாற்ற வேண்டும் என்பது ஒருபுறமிருக்க, கொதித்ததற்கான காரணம் வண்டியிலேயே இருக்குமானால் புதிதாக ஏற்றும் எஞ்சினுக்கும் அதே கதிதான் நேரும். ஆகவே, முதலில் காரணத்தைத் தேடுவது என்று முடிவு செய்தேன்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு நீர் நிரப்பி ஓடவிட்டபோது, ரேடியேட்டரின் வாயில் குமிழிகள் விடாமல் வந்துகொண்டிருந்தன. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால் பால் கலந்த நிறம் சிறிதும் இல்லை. சிலிண்டரில் எரிந்த வாயு நீர்ப்பாதைக்குள் புகுகிறது, நீர் ஆயிலில் கலக்கவில்லை என்பது இவ்விரண்டிலிருந்தும் தெரிந்தது. சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியதும் அது உறுதியாயிற்று: இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களுக்கு நடுவே, ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடான கேஸ்கெட்டின் இரும்பு வளையம் எரிந்து, அங்கிருந்து நீர்த்துளை வரை கரிக்கோடு ஒன்று ஓடியிருந்தது. சிலிண்டர் சுவர்களில் கீறல் எதுவும் இல்லாததால், அடிப்பாகத்தைப் பிரிக்கத் தேவை ஏற்படவில்லை.

ஹெட்டின் அடிப்பரப்பில் நேர்க்கட்டையை வைத்து ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) நுழைத்தபோது, நடுவில் 0.20 மி.மீ. தகடு தடையின்றிச் சென்றது; ஹெட் வளைந்திருந்தது. லேத் பட்டறையில் ஃபேஸிங் (பரப்பைச் சீவிச் சமமாக்குவது) செய்வதற்கு முன்பே விரிசல் சோதனை செய்யச் சொன்னேன். விரிசல் விட்ட ஹெட்டுக்கு ஃபேஸிங் செய்வது வீண் செலவு. நீர்த்துளைகளைத் தகடுகளால் அடைத்து, காற்றழுத்தம் கொடுத்து, சுடுநீர்த் தொட்டியில் அமிழ்த்தியபோது எங்கும் குமிழி வரவில்லை. ஃபேஸிங் செய்தால் வால்வுகள் முன்பைவிட வெளியே தெரியும், இன்ஜெக்டர் முனையும் நீளும் என்பதால், அவ்விரண்டின் அளவையும் பார்த்த பிறகே ஹெட்டை வாங்கி வந்தேன்.

உண்மையான குற்றவாளி ரேடியேட்டர்தான். மேல் டேங்கைப் பிரித்தால், குழாய்களில் ஏறக்குறைய பாதி, ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்புப் படிந்து வெள்ளையாக அடைபட்டிருந்தன. சமதரையில் மீதிக் குழாய்களே போதுமானவையாக இருந்திருக்கின்றன. சுமையோடு முதல் கியரில் மலை ஏறும்போது போதவில்லை. ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தது. 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி இருந்தால் வெறும் நீர்கூடச் சுமார் 118 டிகிரியில்தான் கொதிக்கும். அழுத்தம் நிற்காவிட்டாலோ, 1,000 மீட்டர் உயரத்தில் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். இத்தனை முக்கியமான இந்தச் சிறு பொருளைப் பலரும் கவனிப்பதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

வாட்டர் பம்பும் ஃபேன் பெல்ட்டும் நல்ல நிலையில் இருந்தன. சூடேறிய பிறகே ரேடியேட்டருக்கு நீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைத் தூக்கி எறிந்துவிடச் சொன்னவர்கள் உண்டு. அதில் எனக்கு உடன்பாடில்லை. அது இல்லாவிட்டால் எஞ்சின் உரிய சூட்டை அடையவே நேரமாகி, டீசல் சரியாக எரியாமல் தேய்மானம் கூடும். பாத்திரத்து நீரில் தொங்கவிட்டுச் சூடேற்றியபோது, அதன்மேல் பொறித்திருந்த 82 டிகிரியை ஒட்டியே அது திறந்ததால், அதையே மீண்டும் பொருத்தினேன்.

புதிய கேஸ்கெட்டை வைத்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) சுற்றுச் சுற்றாக இறுக்கினேன். ஒரே மூச்சில் இறுக்கினால் ஹெட் மீண்டும் வளையக்கூடும் என்பதால் இந்த இடத்தில் மட்டும் அவசரமே கூடாது. ரேடியேட்டரில் இப்போது கூலன்ட்டும் கனிமம் நீக்கிய நீரும் சரிபாதியாக உள்ளன.

வெறும் வண்டியாகத் தொப்பூர்க் கணவாய் ஏறிப் பார்த்ததில், வெப்ப முள் பாதியைத் தாண்டவில்லை. வால்வு இடைவெளியை மறுமுறை சரிபார்த்து, ஆயிலையும் மாற்றிய பிறகு, அடுத்து அரைச் சுமையோடு கொல்லிமலை ஏற வேண்டும்.